எம் வேலியிற் காந்தள்

காந்தள் யாதென வகுப்பில் வினவின், மகளிர் விரலுக்கு உவமையாகும் மலரென மாணவர் தடையின்றி விடையிறுப்பர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கியுரைக்கும் மலர்களுள் முதலாவது அதுவெனக் கூறுவாரும் உளர். ஆயினும், மாரியில் தம் வீட்டு வேலியிற் படர்ந்து பூக்கும் கார்த்திகைப்பூவே அக்காந்தள் என்பதை அறிந்தார் சிலரே.

இது கொடியினம். இலை நுனியே சுருண்டு அயலிலுள்ள கொப்பைப் பற்றும். இதழ்கள் ஆறும் பின்னோக்கி வளைந்து நிமிர்ந்து நிற்கும். பசுமையாய்த் தோன்றி, மஞ்சளாகி, ஈற்றிற் சிவக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இதனை வளர்க்க விரும்புவோர், காலை வெயிலும் நண்பகல் நிழலுமுள்ள இடத்தைத் தெரிக. எமது திருகோணமலை வளவில் மாமரத்தின் கிழக்குப் புறம் இதற்கு வாய்ப்பாயிற்று. வேர் குளிர்ந்த மண்ணிலும் தலை ஒளியிலும் இருத்தல் நன்று. நீர் தேங்கலாகாது, மணலும் இலையெருவும் கலந்த மண் போதும். புரட்டாசி இறுதியில், மாரி தொடங்குமுன், கலப்பை வடிவான கிழங்கை 2 அல்லது 3 அங்குல ஆழத்திற் கிடையாக இடுக. நுனியிலுள்ள முளை முறியின் அப்பக்கம் தளிர்க்காது. படர்வதற்குக் கொப்பொன்று ஊன்றுக. விதையிட்டு வளர்ப்போர் மலர் காண 3 அல்லது 4 ஆண்டுகள் பொறுத்தல் வேண்டும்.

பூத்து ஓய்ந்தபின் கொடி வாடும். முதலாண்டில் அதனை நோயெனக் கருதிக் கோடை முழுவதும் நீர் வார்த்தோம், கிழங்கு அழுகிற்று. வாடுதல் இறப்பன்று, உறக்கம். உறங்கவிடுதலே அதனைப் பேணும் முறையாம்.

இனிக் கூறுவது அழகினும் முக்கியமானது. இச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிற் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் மிகுதி. அளவறிந்து கொடுக்குமிடத்து அதுவே கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்து. வற்றாளையென்றும் வள்ளிக்கிழங்கென்றும் மயங்கி இதனை உண்டு மாண்டோர் இலங்கையில் உளர். ஆதலின் மரக்கறிப் பாத்திக்கு அருகில் நடற்க. கிழங்கைத் தொட்ட கையைக் கழுவுக. சிறுவர்க்குச் செடியைக் காட்டி எச்சரிக்குக. எவரேனும் உண்டாராயின், வாந்தி தொடங்கும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

சொல்லை அறிந்து பொருளை அறியாதிருத்தல் பரீட்சையிற் புள்ளி தரலாம். வேலியோரத்தில் உயிரைக் காவாது. மாணவர்காள்! வரும் கார்த்திகையில் நூலை மூடிவைத்து ஒருமுறை வேலியைப் பார்மின். பழைய மாணவராகிய அன்பர்களும் தம் மக்களை உடனழைத்துச் சென்று காட்டுவாராக.