பெட்ரோல் வாசம் – 17: நின்றே கெட்ட பிரேக்

கார்புரேட்டரோடு மல்லுக்கட்டி என் பழைய ஹெரால்ட் காரை உறுமவைத்த கதையைப் போன வாரம் சொன்னேன். அந்தக் குஷியில் அன்று சாயங்காலமே அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பாடிப் பக்கம் ஒரு ரவுண்டு கிளம்பினேன். மேம்பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, ஷேர் ஆட்டோக்களின் வழக்கப்படி, நடுரோட்டில் நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் மெத்தென்று தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினேன்.

நின்ற இடத்தை நினைத்தால் இப்போதும் வெட்கம். 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான். லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, 1974-ல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் எல்லாம் அங்கேதான். ஊருக்கெல்லாம் பிரேக் செய்து அனுப்பும் இடத்தில் பிரேக் இல்லாமல் நின்றேன். தப்பு முழுக்க என்னுடையது. எட்டு வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டிக்கு இன்ஜினை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். இத்தாலியர் மிக்கெலாட்டி வடிவமைத்து, 1959-ல் இங்கிலாந்தில் வந்த இதே டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நம் ஸ்டாண்டர்ட் மோட்டார் 1961-லேயே சென்னையில் ஹெரால்டைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க். என் வண்டிக்கு நாலும் டிரம். அதிலும் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன். ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு.

மெக்கானிக் அண்ணன் பின்பக்க இடது டிரம்மைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. ஷூ ஈரமாகப் பளபளத்தது. வீல் சிலிண்டருக்குள் விரலை விட்டுக் காட்டினார்: துருப்பிடித்த குழிகள், அவற்றில் உரசிக் கிழிந்த ரப்பர் வாஷர்.

“வண்டி ஓடிக் கெடல சார், நின்னு கெட்டிருக்கு” என்றார்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆயிலே கிடையாது. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரகத் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த வரம்பே 140-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் லைனில் ஆவி, மிதித்தால் பஞ்சு. சோழவரத்தின் பழைய விமானதளத்தில் ரேஸ் ஓட்டியவர்களுக்கு நேரான ஓட்டத்தின் முடிவில் இந்தக் கவலை. நமக்கோ வேறு கவலை: ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஏறி, அசையாத பிஸ்டனைச் சுற்றி ஒரே இடத்தில் துரு உட்காரும்.

எஸ்டேட் பக்கம் ஒரு லேத்தில் சிலிண்டருக்குப் பித்தளை ஸ்லீவ் போட்டோம். ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். வெளியே நன்றாகத் தெரிந்த ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தது; அப்படி வீங்கினால் மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். டிரம்மில் படிந்த தூளைக் காற்றடித்து ஊதப்போன பையனை அண்ணன் அதட்டினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும். நான் சீட்டில், அண்ணன் தரையில், நிப்பிளிலிருந்து பாட்டிலுக்கு ஒரு குழாய். “அடி… அடி… பிடி!” சார் எல்லாம் அப்போது கிடையாது. அவர் நிப்பிளைத் தளர்த்தும்போது பெடல் இறங்கும். அவர் முடுக்குகிறவரை காலை எடுக்கக் கூடாது. நடுவில் கொசு கடித்ததென்று ஒருமுறை எடுத்துவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாலாவது சக்கரம் முடிந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது.

உங்கள் ஷெட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்தால், சாவி போடும் முன் பெடலை மிதித்து அறுபது எண்ணுங்கள். கால் கீழே இறங்கினால், அன்றைக்கு ஷெட்டைத் திறக்காதீர்கள்.