வரப்பில் நின்றவர் நட்ட வயல்

(காவிரிக் கரையில் வேதாந்தம் – 7)

பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுத உட்கார்ந்த சங்கரர், முதல் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே அத்தியாசத்தைப் பற்றி ஒரு முன்னுரை எழுதினார் என்று போன வாரம் பார்த்தோம். 'நான்' அல்லாததை 'நான்' மேல் ஏற்றிக்கொள்வது அத்தியாசம். மனைவி மக்களுக்கு ஒரு குறை என்றால் மனிதன் தனக்கே குறை என்கிறான். உடம்பு மெலிந்தால் 'நான் மெலிந்தேன்' என்கிறான். கண் போனால் 'நான் குருடன்' என்கிறான். இப்படி வெளியிலிருந்து உள்ளே போகிறது அவருடைய பட்டியல்.

அதில் நிலம் இல்லை. தஞ்சாவூர்க்காரர் எழுதியிருந்தால் அதுதான் முதலில் வந்திருக்கும்! வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை இங்கே பேச்சு, 'எனக்கு இன்னும் தண்ணி வரலை' என்பதுதான். குடை பிடித்து வரப்பில் நின்ற மிராசுதார், 'நான் நட்டு முடிச்சுட்டேன்' என்பார். சேற்றில் நாளெல்லாம் குனிந்து நட்டவளோ, 'ஐயா வீட்டு நடவு' என்பாள். செய்யாதவர் மேல் செயல் ஏறிக்கொண்டது. செய்தவளிடம் அது தங்கவே இல்லை. ஆன்மா எதையும் செய்வதில்லை, கர்த்தா என்ற பட்டம் அதன்மேல் ஏற்றப்பட்டது என்று வேதாந்தி சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான (கொஞ்சம் கொடுமையான) உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடைமடைப் பக்கத்து நன்னிலத்துக்காரர்தான் தாண்டவராய சுவாமிகள். குரு நாராயண தேசிகர். இவருடைய 'கைவல்ய நவநீதம்' 300-க்குச் சற்றுக் குறைவான பாடல்களில், தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல் என்று இரண்டு படலம். வடமொழி தெரியாத பலருக்கு அத்வைதம் கைக்கு எட்டியது இந்த நூலால்தான். கோவிலூர் மடத்தில் பாடநூல். ரமணர் அடிக்கடி எடுத்துக்காட்டியது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரௌல் 1854-லேயே ஜெர்மனில் அச்சேற்றியது.

கயிற்றில் பாம்பு, கட்டையில் மனிதன் என்ற பழைய உதாரணங்கள் இதிலும் உண்டு. எனக்குப் பிடித்தது பத்தாவது ஆள் கதை. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஒன்பதுதான் வருகிறது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். பத்தாவது ஆளைக் காணோம் என்பது ஆவரணம் (மறைப்பு), அவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுவது விட்சேபம் (அலைக்கழிப்பு). வழிப்போக்கன் வந்து 'அவன் இருக்கிறான்' என்கிறான். அது கேள்வி ஞானம். 'நீதான் அவன்' என்கிறான். அது நேர் ஞானம். செத்தவன் பொய், ஆனால் அவர்கள் விட்ட கண்ணீர் நிஜம். இதை மறந்து 'எல்லாம் மாயை' என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஏற்றியதை இறக்கினால் போதும் என்று நன்னிலம் சொன்னால், அதே டெல்டாவிலுள்ள சைவ மடங்களான திருவாவடுதுறையும் தருமபுரமும் ஒப்பவில்லை. உயிரை மறைக்கும் ஆணவ மலம் கற்பனையில் எழுந்த பாம்பு அல்ல, செம்போடு பிறந்த களிம்பு, உள்ள பொருள், தெரிந்துகொண்டதால் மட்டும் போகாது, சிவனருள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம். நடைமுறையைப் பார்த்தால் சைவர் கட்சிதான் வலுவாகப் படுகிறது. நிலம் நான் இல்லை என்று ஒப்பிக்கிறவருக்கும், பக்கத்து வயல்காரர் வரப்பை அரையடி வெட்டிவிட்டால் ரத்தம் கொதிக்கத்தானே செய்கிறது?

தாண்டவராயருக்கு இது தெரியாமல் இல்லை. தடைகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். அறியாமை கேட்டலால் போகும், சந்தேகம் சிந்தித்தலால் போகும். மூன்றாவது விபரீதம்: கேட்டு, தெளிந்து, ஒப்புக்கொண்ட பிறகும் 'இந்த உடம்பே நான்' என்று பழக்கத்தில் திரும்பி வருவது. அதற்குப் பாடம் கேட்பதும் வாதம் செய்வதும் உதவாது. நிட்டை (இடைவிடாத தியானம்) ஒன்றே வழி என்கிறார். களிம்பு என்று சைவர் காட்டிய இடத்தைத்தான் இவர் விபரீதம் என்கிறார் என்று நினைக்கிறேன். வேதாந்திகள், சைவர்கள் என்ற இரு தரப்பாருமே இதை ஒப்பமாட்டார்கள்.

(அடுத்த வாரம்: திருவிசநல்லூர்)