பழுதான வாகனமும் பயனீட்டாளர் உரிமையும்

பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ மாவட்டத்தில், பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிற்றூர் ஹுத்தான் மெலிந்தாங். ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. இத்தகைய ஊர்களில் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வு சொந்த வாகனத்தைச் சார்ந்தே நகர்கிறது. அதிகாலையில் வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், முதியோரைத் தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் மோட்டார் சைக்கிளோ காரோ இன்றியமையாதது. அப்படி வாங்கிய வாகனம் சில வாரங்களிலேயே பழுதாகி, பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைய வைத்தால் என்ன செய்வது? “நம் தலைவிதி” என்று பலர் சும்மா இருந்துவிடுகின்றனர். ஆனால், சட்டம் அவர்களுக்கு வேறு வழிகளைத் திறந்து வைத்துள்ளது.

எலுமிச்சை என்னும் பெயர்

அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கியவரை ஏமாற்றிவிடும் பழுதான பொருளை, குறிப்பாகப் பழுதான காரை, ‘லெமன்’, அதாவது எலுமிச்சை என்று அழைப்பர். தோல் பளபளக்கும், கடித்தால்தான் புளிப்பு தெரியும். பழுதான வாகனத்தை வாங்கியவர்களைக் காக்கும் சட்டத்திற்கும் ‘லெமன் சட்டம்’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

வாகன வணிகத்தில் இச்சிக்கல் ஏன் அடிக்கடி எழுகிறது என்பதை ஜார்ஜ் அகர்லோஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டில் விளக்கினார். விற்பவருக்கு வாகனத்தின் குறைகள் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எந்தக் கார் நல்லது, எது பழுதானது என்று பிரித்தறிய முடியாததால், வாங்குபவர் எல்லாக் கார்களையும் ஐயத்தோடு பார்த்துக் குறைந்த விலைக்கே கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க விரும்பாமல் விலகிவிடுவார். இறுதியில் சந்தையில் பழுதான கார்களே மிஞ்சும். இவ்வாய்வு உள்ளிட்ட பணிக்காக, 2001ஆம் ஆண்டில் மேலும் இருவருடன் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவர் அறிந்ததற்கும் வாங்குபவர் அறிந்ததற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியால் விளையும் இழப்பைச் சரிசெய்வதே பயனீட்டாளர் சட்டங்களின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

1999ஆம் ஆண்டுச் சட்டம்

மலேசியாவில் பயனீட்டாளருக்குத் துணை நிற்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். சொந்தப் பயன்பாட்டிற்கோ வீட்டுப் பயன்பாட்டிற்கோ வாங்கும் பொருள்களை இச்சட்டம் உள்ளடக்குகிறது. வாகனமும் அவற்றுள் ஒன்று.

இச்சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ‘ஏற்கத்தக்க தரம்’ உடையதாக இருக்க வேண்டும் என்கிறது. பொருள் அதற்குரிய பயன்பாட்டிற்கு ஏற்றதாகவும், பாதுகாப்பானதாகவும், நீடித்து உழைப்பதாகவும் இருத்தல் வேண்டும். விற்பவர் இதை வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. தாளில் எழுதித் தரவும் தேவையில்லை. சட்டமே இந்த உத்தரவாதத்தை ஒவ்வொரு விற்பனையோடும் சேர்த்துவிடுகிறது. “விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டு இவ்வுரிமையை நீக்கிவிட முடியாது.

எனினும், தரத்தை அளக்கும்போது விலையும் கணக்கில் கொள்ளப்படும். 15 ஆண்டுகள் ஓடிய காரிடம் புதிய காரின் தரத்தை எதிர்பார்க்க இயலாது. விற்பனைக்கு முன்பே விற்பவர் சுட்டிக்காட்டிய குறையை, வாங்கிய பின் காரணமாகக் காட்டவும் இயலாது.

பொருள் தரமற்றது எனத் தெரிந்தால் பயனீட்டாளர் என்ன கேட்கலாம்? குறை சரிசெய்யக்கூடியது என்றால், நியாயமான காலத்திற்குள் அதைச் சரிசெய்து தருமாறு விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ காலம் கடத்தினாலோ, வேறு பட்டறையில் சரிசெய்து அச்செலவைத் திரும்பப் பெறலாம்; அல்லது பொருளை ஏற்க மறுக்கலாம். குறை மிகப் பெரிதாக இருந்தால், அதாவது அக்குறையை முன்பே அறிந்திருந்தால் எவரும் அப்பொருளை வாங்கியிருக்க மாட்டார் என்னும் அளவுக்கு இருந்தால், உடனடியாகவே பொருளை மறுத்துப் பணத்தைக் கேட்கலாம். பொருளை வைத்துக்கொண்டு, அதன் மதிப்புக் குறைவிற்கு இழப்பீடு பெறவும் வழி உண்டு.

உயர்நிலை நீதிமன்றங்களும் இச்சட்டத்தைக் கொண்டு வாகன வழக்குகளைத் தீர்த்துள்ளன. 2012ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ‘புஞ்சாக் நியாகா எதிர் என்.இசட். வீல்ஸ்’ வழக்கு அவற்றுள் ஒன்று. பலமுறை பழுதடைந்த மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்றைப் பற்றிய அவ்வழக்கில், வாகனம் ஏற்கத்தக்க தரம் உடையதன்று என மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

உரிமை இருந்தும் தோற்பது ஏன்?

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு குடும்பம், வாகன விற்பனையகம் ஒன்றில் 22,000 ரிங்கிட்டுக்குப் பழைய கார் வாங்குகிறது எனக் கொள்வோம். மூன்றாம் வாரத்தில் கியர் சரியாக விழவில்லை. விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தால், “கொண்டு வாருங்கள், பார்க்கலாம்” என்கிறார். மூன்று முறை காரைக் கொண்டுபோய் விடுகின்றனர். ஒவ்வொரு முறையும் சில நாள்களில் கார் திரும்பி வருகிறது. கோளாறும் திரும்பி வருகிறது. நான்காம் மாதத்தில், “நீங்கள் ஓட்டிய முறைதான் காரணம்” என்று விற்பனையாளர் கைவிரித்துவிடுகிறார்.

இக்குடும்பத்திற்கு உரிமை உண்டு. ஆனால், கார் வாங்கியபோதே குறை இருந்தது என்பதற்கும், மூன்று முறை பழுது பார்க்கப்பட்டது என்பதற்கும் சான்று எங்கே? பேசியது தொலைபேசியில், காரைக் கொடுத்ததும் எடுத்ததும் வாய்மொழியில். கையில் ஒரு தாள்கூட இல்லை. பல கோரிக்கைகள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். உரிமையைச் சட்டம் தருகிறது. அதை நிலைநாட்டும் சான்றைப் பயனீட்டாளர்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே, குறை தெரிந்த நாளிலிருந்தே பின்வருவனவற்றைச் செய்தல் நன்று:

• விற்பனை ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, விற்பனை விளம்பரத்தின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்தல்.
• குறை தோன்றிய நாள், அப்போது கார் ஓடியிருந்த கிலோமீட்டர், குறையின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல். இயன்றால் காணொளி எடுத்தல்.
• விற்பனையாளரிடம் எழுத்து வடிவில் முறையிடுதல். புலனச் செய்தியாக இருந்தாலும் அது பதிவாக நிற்கும்.
• காரைப் பட்டறையில் விடும் ஒவ்வொரு முறையும், விட்ட நாள், எடுத்த நாள், செய்த வேலை ஆகியவை அடங்கிய சீட்டைக் கேட்டு வாங்குதல்.
• தொடர்பில்லாத மற்றொரு பட்டறையில் காரைக் காட்டி, குறையின் காரணத்தையும் செலவையும் எழுத்தில் பெறுதல்.

காலம் தாழ்த்துவதும் ஆபத்தே. பொருளை மறுக்கும் உரிமையை நியாயமான காலத்திற்குள் பயன்படுத்த வேண்டும். மறுக்கும்போது அதற்கான காரணத்தை விற்பவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

ஐந்து ரிங்கிட்டில் ஒரு கோரிக்கை

விற்பவர் இணங்காவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். இது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பொறுப்பில் இயங்குகிறது. கோரிக்கையைப் பதிவு செய்யும் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து நேரிலோ இணையத்தின் வழியோ பதியலாம். ஹுத்தான் மெலிந்தாங் போன்ற ஊர்களில் வாழ்வோர் விண்ணப்பத்திற்காக ஈப்போ வரை செல்ல வேண்டிய அலைச்சலை இணையப் பதிவு குறைக்கிறது.

நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. பயனீட்டாளரும் விற்பவரும் தத்தம் தரப்பைத் தாமே எடுத்துரைப்பர். முதலில் இருவரையும் சமரசத்திற்குக் கொண்டுவர மன்றம் முயலும். அது கைகூடாவிட்டால் விசாரணை நடத்தி, இயன்றவரை 60 நாள்களுக்குள் தீர்ப்பு வழங்கும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும். அதற்கு அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இம்மன்றத்திற்குச் சில எல்லைகள் உண்டு. கோரிக்கையின் மதிப்பு 50,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்த இவ்வரம்பு 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் உயர்த்தப்பட்டது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். அண்டை வீட்டாரிடமோ நண்பரிடமோ வாங்கிய வாகனத்திற்கு இம்மன்றம் பொருந்தாது. விற்பவர் வணிகம் செய்பவராக இருத்தல் வேண்டும். தொழிலுக்காக வாங்கிய லோரியைப் பற்றிய வழக்கை 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்திற்குத்தான் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

தவணையை நிறுத்தலாமா?

கார் ஓடாத கோபத்தில் சிலர் வங்கிக்குக் கட்டும் மாதத் தவணையை நிறுத்திவிடுகின்றனர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ், கடன் தீரும்வரை வாகனத்தின் உரிமை வங்கியிடமே இருக்கும். தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், வங்கி முறைப்படி அறிவிப்பு அனுப்பி வாகனத்தை மீட்டுக்கொள்ளலாம். அப்போது கார் போவதோடு, குறைக்கான சான்றும் கையை விட்டுப் போய்விடும். ஆகவே, தவணையைத் தொடர்ந்து கட்டியவாறே, வங்கிக்கும் சிக்கலை எழுத்தில் தெரிவித்துக் கோரிக்கையைத் தொடர்வதே அறிவுடைமை.

தெளிவான எல்லைக்கோடு

எத்தனை முறை பழுது பார்த்த பிறகு ஒரு வாகனத்தைத் தரமற்றது எனலாம்? மலேசியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு எண்ணிக்கை எதையும் குறிப்பிடவில்லை. “நியாயமான காலம்” என்று மட்டுமே சொல்கிறது. எது நியாயம் என்பது ஒவ்வொரு வழக்கிலும் வாதத்திற்கு உரியதாகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982ஆம் ஆண்டில் புதிய கார்களுக்கென லெமன் சட்டம் இயற்றியபோது, இதற்கு எண்களால் விடை தந்தது. ஒரே குறை நான்கு முறை பழுது பார்த்தும் தீராவிட்டாலோ, வாகனம் மொத்தம் 30 நாள்கள் பட்டறையில் கிடந்தாலோ, வாங்கியவர் மாற்று வாகனமோ பணமோ கேட்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரில் லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அங்கே, பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். “குறை அப்போது இல்லை” என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. மேலே கண்ட குடும்பம் சிங்கப்பூரில் இருந்திருந்தால், நான்காம் மாதத்தில் கைவிரித்த விற்பனையாளர்தான் சான்று தேடி அலைந்திருப்பார்.

மலேசியாவிலும் இத்தகைய சட்டம் வேண்டும் எனப் பயனீட்டாளர் அமைப்புகள் குரல் கொடுத்து வந்துள்ளன. அமைச்சும் அது குறித்து ஆராய்ந்துள்ளது. 1969ஆம் ஆண்டில் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள், முறையீட்டை எவ்வாறு எழுதுவது என்பதில் பொதுமக்களுக்கு வழிகாட்டுகின்றன.

வருமுன் காத்தல்

ஆழமறியாமல் காலை விடாதே என்பது வாகனம் வாங்குவோருக்கும் ஏற்ற அறிவுரை. பழைய வாகனத்தை வாங்குமுன் நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று சோதிப்பது, பின்னர் வரும் பெருஞ்செலவைத் தவிர்க்கும். உரிமை மாற்றத்திற்காகப் புஸ்பாகோம் போன்ற நிலையங்களில் செய்யப்படும் பரிசோதனை மட்டுமே எஞ்சினுக்கும் கியருக்கும் உத்தரவாதம் ஆகிவிடாது. விற்பனையாளர் வாய்மொழியாகத் தரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுத்தால், அந்த மறுப்பே ஓர் எச்சரிக்கை.

பெற்றோர் கையொப்பமிடும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அவற்றைப் பொறுமையாகப் படித்து, பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்லவும், நாளும் எண்ணும் குறித்து வைக்கவும் இடைநிலைப்பள்ளி மாணவரால் இயலும். கல்வி வீட்டிற்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்று.