நடுக்கம் மட்டுமன்று: பார்க்கின்சன் நோயாளியை வீட்டில் பராமரித்தல்

பார்க்கின்சன் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது நடுங்கும் கை. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி நடுங்கும் கையோடு தீபம் ஏற்றிய காட்சியை உலகமே கண்டது. ஆனால், இந்நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நடுக்கத்தை அவர்கள் பெரிதாகச் சொல்வதில்லை. இரவில் கட்டிலில் புரண்டு படுக்க முடியாமை, குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளுதல், சாப்பிடும்போது புரையேறுதல், நாளுக்கு நாள் தேய்ந்துபோகும் குரல் ஆகியவையே அவர்களை வாட்டுகின்றன.

நோயாளி மருத்துவரைச் சந்திப்பது ஆண்டுக்குச் சில முறைதான். அதுவும் சில நிமிடங்களே. மற்ற நாள்கள் அனைத்தும் வீட்டில்தான் கழிகின்றன. ஆகவே, நோயாளியின் வாழ்க்கைத் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வீட்டுப் பராமரிப்பே. நம் இல்லங்களில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாத்தாவோ பாட்டியோ தமிழில் பேசுகிறார். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அன்றாடம் தூக்கி நிறுத்தும் இல்லப் பணிப்பெண்ணோ இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர். இம்மூவருக்கும் இடையே நின்று பேசக்கூடியவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பல்கலைக்கழக மாணவர்தான். எனவே, இது நமக்கும் உரிய பாடம்.

நோயின் இயல்பு

1817ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 11 இன்று உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மூளையின் நடுப்பகுதியில் கருநிறமாகத் தோன்றும் சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் சீராக அமைய அது தேவை. அவ்வுயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் அசைவு மந்தமாகிறது, தசை விறைக்கிறது, பலருக்கு நடுக்கம் உண்டாகிறது. சிலருக்கு நடுக்கமே வருவதில்லை.

அசைவைச் சாராத அறிகுறிகளும் பல. மலச்சிக்கல், மோப்ப உணர்வு குறைதல், கனவில் நடப்பதற்கேற்பக் கை கால்களை உதைத்துக் கத்துதல் ஆகியவை நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடும். நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனினும் மருந்து, உடற்பயிற்சி, நல்ல பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பல ஆண்டுகள் நன்றாக வாழ முடியும்.

மருந்தும் கடிகாரமும்

இந்நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. அது மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. தொடக்கத்தில் நாளுக்கு மூன்று வேளை போதும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொரு வேளை மருந்தும் வேலை செய்யும் நேரம் குறையும். அப்போது ஐந்து, ஆறு வேளைகூடத் தேவைப்படலாம். ஒரு வேளை அரை மணி நேரம் தாமதமானால், சற்று முன் நடந்துகொண்டிருந்தவர் நாற்காலியைவிட்டு எழ முடியாமல் போகலாம். இதை அறியாத உறவினர், “இப்பதானே நல்லா நடந்தாரு, இப்ப ஏன் அடம்பிடிக்கிறாரு?” என்று கேட்பதுண்டு. அது அடமன்று; மருந்தின் ஏற்ற இறக்கம்.

ஆகவே, வீட்டில் முதலில் செய்ய வேண்டியது நேர அட்டவணை. கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். பருப்பு, தயிர், முட்டை, மீன் போன்றவற்றிலுள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு அதை உடல் ஏற்பதைக் குறைக்கும். அதனால், பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ மருந்து கொடுப்பது நல்லது. அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது, உடல் மெலிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கோவில் விரதமானாலும் வெளியூர்ப் பயணமானாலும் மருந்து தடைபடக் கூடாது. வேறு காரணத்திற்காக மருத்துவமனையில் சேர்த்தாலும், வேளை தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதைத் தாதியரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாந்திக்குப் பரவலாகத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவை டோபமினைத் தடுத்து நோயை மோசமாக்கும். மருந்தகத்தில் எதை வாங்கினாலும் “இவருக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது” என்ற ஒரு வரியை மறவாமல் சொல்லுங்கள்.

நம் மரபில் பூனைக்காலி விதையைப் பற்றிப் பேசுவார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. அதனால்தான் அதை ‘பக்க விளைவு இல்லாத நாட்டு மருந்து’ என்று எண்ணி மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. ஒரே மருந்தை இரு மடங்கு கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

நடையும் வீடும்

நடந்துகொண்டிருப்பவர் திடீரென்று அசையாமல் நின்றுவிடுவார். கால் தரையில் ஒட்டியதுபோல் இருக்கும். கதவு வாசல், மின்தூக்கி முன்புறம், திரும்பும் இடம் ஆகியவற்றில் இது மிகுதி. அப்போது கையைப் பிடித்து இழுப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. மேலுடல் முன்னே வர, கால் அங்கேயே நிற்க, அவர் விழுந்துவிடுவார். முதலில் நிற்கச் சொல்லுங்கள். மூச்சு விடட்டும். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு “ஒன்று, இரண்டு” என்று எண்ணுங்கள், அல்லது கையால் தாளம் தட்டுங்கள். தரையில் குறுக்குக் கோடாக வண்ண நாடா ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னாலும் கால் எழும். கண்ணுக்கும் காதுக்கும் குறிப்புக் கொடுத்தால், பழுதான பாதைக்குப் பதிலாக மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கையில் காப்பிக் குவளையைத் தராதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை அவருக்குக் கடினம். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து வரட்டும். கால் மிதியடிகளையும் தரையில் கிடக்கும் மின்கம்பிகளையும் அகற்றுங்கள். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி, வழுவழுப்பான படுக்கை விரிப்பு, இரவில் எரியும் சிறு விளக்கு ஆகியவை செலவு குறைந்தவை; பயனோ பெரிது. தரையில் அமர்ந்து பூசை செய்து பழகியவருக்குச் சாமி மேடை முன் ஒரு நாற்காலி போடுங்கள். தடுக்கும் சேலைக்கும் அவிழும் கைலிக்கும் மாற்று உடை பாருங்கள். சிங்கப்பூரில் வீவக வீடுகளுக்கு 2012 முதல் நடப்பிலுள்ள ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், குளியலறைத் தரையை வழுக்காமல் செய்வதற்கும் கைப்பிடிகள் பொருத்துவதற்கும் அரசாங்கக் கழிவு உண்டு.

இங்கே பலருக்கும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தானை அவரே போட்டால் பத்து நிமிடம். நாம் போட்டால் அரை நிமிடம். அவசரத்தில் நாம் போட்டுவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் அன்றாடம் செய்யாத அசைவை உடல் விரைவில் இழந்துவிடும். மருத்துவச் சந்திப்பு நாளில் உதவுங்கள். ஓய்வான நாளில் காத்திருங்கள்.

உணவு மேசையில்

நோய் முற்றும்போது விழுங்கும் தசைகளும் மந்தமாகும். உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நுரையீரல் அழற்சி வரும். நேராக உட்கார வைத்து, சிறு கவளமாகக் கொடுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மென்மையானது என்று நாம் எண்ணும் ரசம் சோறு உண்மையில் சிக்கலானது. நீரும் பருக்கையும் வாய்க்குள் வெவ்வேறு வேகத்தில் நகரும். முறுக்கு போன்று பொடிப்பொடியாக உதிர்பவையும் ஆபத்து. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாக ஒலித்தல், எடை குறைதல் ஆகியவற்றைக் கண்டால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்று சோதித்துச் சொல்பவர் அவரே.

குரல், முகம், மொழி

குரல் தாழ்ந்துபோகும், ஆனால், தாம் வழக்கம்போலப் பேசுவதாகவே நோயாளி நினைப்பார். முகத்தில் உணர்ச்சி தெரியாததால், பேரப்பிள்ளைகள் ‘தாத்தா கோபமாக இருக்கிறார்’ என்று விலகிப் போவார்கள். முகம் அசையவில்லையே தவிர, மகிழ்ச்சி உள்ளேதான் இருக்கிறது. உரக்கப் பேசும் பயிற்சி நல்ல பயன் தரும். அதில் முக்கியம் குரலின் பலமே. மொழி எதுவாகவும் இருக்கலாம். பழகிய ஆத்திசூடியையோ தேவாரத்தையோ, பிடித்த பழைய திரைப்பாடலையோ நாள்தோறும் உரக்கச் சொல்லச் சொன்னால் பயிற்சி சுமையாகத் தோன்றாது.

மருத்துவரிடம் மொழிபெயர்க்கும்போது கவனம் தேவை. ‘மயக்கமா இருக்கு’ என்று பாட்டி சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுத்தால் அது இரத்த அழுத்தம் சட்டென்று குறைவதைக் காட்டலாம். நினைவு தப்பி விழுந்தால் அது வேறு. பகலில் தூக்கம் தூக்கமாக வந்தால் மருந்து காரணமாக இருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. அவ்வாறே ‘நடுக்கம்’ என்பதும். மருந்து இறங்கும் நேரத்தில் வரும் நடுக்கம் ஒன்று. மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடல் தானாக நெளிந்து ஆடுவது மற்றொன்று. முன்னதற்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். பின்னதற்குக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே, உடனே ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேடாமல், “எப்போது? எழும்போதா, உட்கார்ந்திருக்கும்போதா? மருந்து சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்?” என்று தமிழிலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் காணொளி எடுத்துக் காட்டுங்கள்.

மறைக்கப்படும் அறிகுறிகள்

மனச்சோர்வு இந்நோயின் ஒரு பகுதி. மன உறுதியின்மை அன்று. சிலருக்கு அறையில் குழந்தைகளோ விலங்குகளோ இருப்பதுபோல் தோன்றும். நம் குடும்பங்களில் இதைப் பேய் பிசாசு என்று அஞ்சுவோரும், வெட்கப்பட்டு மறைப்போரும் உண்டு. இது நோயாலும் மருந்தாலும் ஏற்படுவது. மருந்தை மாற்றிக் குறைக்கலாம். பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைத் தூண்டும். என்றுமில்லாமல் ஒருவர் டோட்டோ, ஃபோர்டி எண்களில் பணத்தைக் கொட்டத் தொடங்கினால், குணத்தைக் குறை கூறுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பராமரிப்பவர் யார்?

பெரும்பாலும் வயதான மனைவி, அல்லது வேலைக்கும் வீட்டுக்கும் இடையே அலையும் மகள். இரவில் மூன்று முறை எழுப்பப்படும் அவருடைய உடல்நலத்தை யாரும் விசாரிப்பதில்லை. அவர் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். உதவி கேட்பது கடமை தவறுதல் ஆகாது.

சிங்கப்பூரில், குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்பட்டால் வீட்டுப் பராமரிப்பு மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து வழங்கப்படும் இம்மானியம் 2019இல் தொடங்கியது. 2020இல் அறிமுகமான கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதியும் இதே ஆறு செயல்களை அளவுகோலாகக் கொண்டது. இல்லப் பணிப்பெண் தீர்வையில் சலுகை, பராமரிப்புப் பயிற்சிக்கு மானியம், பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் ஆகியவையும் உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு இவற்றுக்கு வழிகாட்டும். 1996இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பார்க்கின்சன் சங்கமும், 1994இல் தொடங்கிய மலேசியப் பார்க்கின்சன் நோய்ச் சங்கமும் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் துணை நிற்கின்றன.

நோயாளி தெளிவாக முடிவெடுக்கும் காலத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 2010 முதல் நடப்பிலுள்ள நீடித்த அதிகாரப் பத்திரத்தின்வழி, பின்னாளில் தமக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை அவரே எழுதிவைக்கலாம். நினைவாற்றல் குறைந்தபின் இதற்கு வழியில்லை.

நம் பங்கு

மாணவராகிய நாம் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. மருந்து அட்டவணையைப் பணிப்பெண்ணின் மொழியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுவது ஒரு மணி நேர வேலை. தாத்தா அடிக்கடி சொல்லும் ‘தண்ணி’, ‘வலிக்குது’, ‘எந்திரிக்கணும்’, ‘மெதுவா’ முதலிய இருபது சொற்களைப் பணிப்பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது இன்னொரு மணி நேரம். மருத்துவச் சந்திப்புக்கு முன் மூன்று நாள்கள், எப்போது நன்றாக நடந்தார், எப்போது உறைந்து நின்றார் என்று குறித்து வைப்பது அதைவிட எளிது. சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் நாம் பொறுப்பேற்றால் பாட்டி கோவிலுக்கோ தேக்காவுக்கோ நிம்மதியாகப் போய்வருவார். இவற்றுள் ஒன்றை இந்த வாரமே தொடங்கலாம்.