அந்தியைப் படம் பிடிக்கும் வித்தை

சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சேர்வராயன் மலைமுகட்டில் திரளும் மேகங்கள், ஓமலூர்ச் சமவெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அசையாமல் கிடப்பனவாகவே தோன்றும். ஆனால் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கேமராவை ஸ்திரமாக நிறுத்தி, எட்டு விநாடிக்கு ஒரு படமாக ஒன்றரை மணி நேரம் எடுத்து, அந்த 675 படங்களையும் விநாடிக்கு 25 வீதம் ஓட்டிப் பார்த்தால், அதே மேகங்கள் பொங்கி எழுந்து, தலை விரிந்து, மழையாய்ச் சரிந்து கரையும் காட்சி முழுவதும் 27 விநாடிகளில் கண்முன்னே நடந்தேறிவிடும். காலத்தைச் சுருக்கிக் காட்டும் இந்த முறையைத்தான் டைம்லாப்ஸ் என்கிறார்கள்.

வெளிச்சம் மாறாத வரையில் இது பெரிய சாமர்த்தியம் வேண்டாத காரியம். ஒருமுறை அளவுகளைக் குறித்து வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பகலில் தொடங்கி, அஸ்தமனத்தைக் கடந்து, இரவில் முடிகிற படம்தான் இக்கலையைப் பயில்வோருக்கு உண்மையான பரீட்சை. அதன் கடினத்தை உத்தேசித்தே மேனாட்டார் அதற்கு ‘ஹோலி கிரெயில்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பரீட்சையில் கேமராவைக் கையால் தொடாமலேயே அதன் அளவுகளை மாற்றிக்கொண்டு போகும் உபாயம் எப்படிப்பட்டது, அது ஏன் தேவைப்படுகிறது என்பதை இங்கே விளக்க முயல்வோம்.

நம் ஊர் அந்தியின் வேகம்

உச்சி வெயிலில் தரைமேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அது சில நூறு லக்ஸாகச் சுருங்குகிறது; அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது 3 லக்ஸ் அளவில் நிற்கிறது; பௌர்ணமி நிலவு தலைக்குமேல் நின்றாலும் கிடைப்பது கால் லக்ஸ் அளவுதான். நடுப்பகலுக்கும் நிலவு இரவுக்கும் இடையே சுமார் நான்கு லட்சம் மடங்கு வித்தியாசம் என்று இதற்குப் பொருள். நம் கண் இந்த வீழ்ச்சியைச் சிறிது சிறிதாகச் சமாளித்துக்கொள்வதால் நமக்கு அதன் பிரமாணம் புலப்படுவதில்லை. கேமராவுக்கோ அத்தகைய பெருந்தன்மை கிடையாது.

இதில் நம் பிரதேசத்துக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. ஓமலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், சூரியன் சாய்ந்து சறுக்காமல் ஏறக்குறைய நேர்செங்குத்தாக அடிவானத்தில் இறங்குகிறது. அஸ்தமனத்துக்குப் பின் 20 நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அது 6 பாகையையும், 70 நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் 18 பாகையையும் கடந்துவிடும். அதன்பின் சூரியனால் வரும் வெளிச்சம் என்று எதுவுமே மிஞ்சாது. லண்டனில் ஜூன் மாத இரவு முழுவதும் வானம் பூரண இருளை அடையாமல் அந்தியாகவே நீடிப்பதை நினைத்தால், அங்கே எழுதப்பட்ட டைம்லாப்ஸ் பாடங்களை இங்கே அப்படியே கைக்கொள்ளலாகாது என்பது விளங்கும். நிலவும் ஊர் விளக்குகளும் குறுக்கிடாத வரையில், அஸ்தமனத்தை அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு நம் வானத்தின் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகிறது.

இப்படி வெளிச்சம் பாதியாவதையோ இரட்டிப்பாவதையோ படக்காரர்கள் ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். ஒரு ஸ்டாப் குறைந்தால் அதை ஈடுகட்டக் கேமராவில் மூன்று வழிகள் உள்ளன: ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கலாம், லென்ஸின் துவாரமாகிய அபர்ச்சரை விரிக்கலாம், ஒளியை உணரும் சக்தியைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தலாம். எதை, எப்பொழுது, எவ்வளவு மாற்றுவது என்பதிலேயே இந்த வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தானியங்கியிடம் விட்டால் என்ன?

கேமராவே அளந்து மாற்றிக்கொள்ளும் தானியங்கி முறைதான் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் அளவுமானி, தான் காணும் காட்சி எதுவானாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்ற அனுமானத்தின்மேல் இயங்குவது. சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் கரடுகளையோ, சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி பரப்பிக் காயவைத்திருப்பதையோ சட்டகத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால் இது உடனே தெரியும்: அந்த வெண்மையை அதிக வெளிச்சமென்று கருதி, யந்திரம் படத்தை மங்கச் செய்துவிடும். இருட்டிய பின் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரி திரும்பி, அதன் முகப்பு விளக்கு ஒரு க்ஷணம் லென்ஸில் விழுந்தால், அந்த ஒரு படம் மட்டும் கறுத்து, அடுத்த படம் பழைய நிலைக்கு வந்துவிடும். தனித்தனிப் படமாகப் பார்க்கையில் குற்றமாகத் தோன்றாத இந்த ஏற்றத்தாழ்வு, விநாடிக்கு 25 வீதம் ஓடும்போது துடிதுடிப்பாகக் கண்ணை உறுத்தும். ஃபிளிக்கர் என்று பெயர் பெற்ற இந்தத் தோஷமே டைம்லாப்ஸுக்குப் பரம சத்துரு.

அப்படியானால் அளவுகளை நாமே வைத்துவிட்டால் போதாதா என்றால், மாலை ஆறு மணிக்குப் பொருத்தமான அளவு ஆறரைக்கு மங்கி, ஏழு மணிக்கு வெறும் கறுப்பையே தரும். இடையிடையே எழுந்துபோய்ச் சக்கரத்தைத் திருப்பலாமென்றால், விரல் பட்ட மாத்திரத்தில் கேமரா தலைமயிரளவு நகர்ந்தாலும், ஓடும் படத்தில் சேர்வராயன் மலையே துள்ளி விழுவதாகத் தெரியும். அளவும் மாறவேண்டும், கையும் படக்கூடாது என்ற இந்த இரண்டு நிபந்தனைகளிலிருந்து பிறந்ததே தொலைவிலிருந்து இயக்கும் முறை.

ஒரு மாலைப் பொழுதின் கணக்கு

இதற்கான சாதனங்கள் இன்று எளியவை. கேமராவை யூ.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியோடோ, ஓ.டி.ஜி. இணைப்பால் கைப்பேசியோடோ சேர்க்கலாம்; யூ.எஸ்.பி. 2.0 கம்பி ஐந்து மீட்டருக்கு மேல் நீளமாக இருப்பது உசிதமல்ல என்பதால், இன்னும் தள்ளி உட்கார விரும்புவோர் கேமராவின் வைஃபையை நாடுவர். கியூ.டி.எஸ்.எல்.ஆர். டாஷ்போர்டு என்ற செயலியும், ஜிபோட்டோ2 என்ற இலவச மென்பொருளும் இதற்குப் பெயர் பெற்றவை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கேமரா நிற்க, கீழே படியில் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள போனில், லென்ஸ் காணும் காட்சியும், அதன் மூலையில் ஹிஸ்டோகிராம் என்ற ஒளி வரைபடமும் தெரியும். இருட்ட இருட்ட அந்த வரைபடத்தின் மேடு இடப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் விரலால் ஒரு தட்டு தட்டி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதே அவர் வேலை.

கணக்கை எடுத்துக்கொள்வோம். சூரியன் மறையச் சற்று முன், அபர்ச்சர் எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/500 விநாடி என்று தொடங்கலாம். அபர்ச்சரை முடிவு வரை மாற்றுவதில்லை என்பது முதல் விதி. ஒவ்வொரு படத்துக்கும் இலைகள் மூடித் திறக்கையில் துவாரம் அணுவளவு பேதப்பட்டாலும் அதுவே ஃபிளிக்கராகிவிடும் என்பதால், லென்ஸைச் சிறிதே திருகி மின்தொடர்பைத் துண்டித்து, துவாரத்தை ஒரே நிலையில் நிறுத்திவைப்போரும் உண்டு. ஆகவே முதலில் ஷட்டர் நேரத்தை மட்டும் மூன்றிலொரு ஸ்டாப் வீதம் 1/400, 1/320 என்று கூட்டிக்கொண்டே 4 விநாடி வரை போகலாம். எட்டு விநாடி இடைவெளியில் எடுக்கும்போது அதற்கு மேல் வெகுதூரம் போகலாகாது. படத்தை அட்டையில் எழுதி முடித்து அடுத்ததற்கு ஆயத்தமாகக் கேமராவுக்கு அவகாசம் வேண்டும். அது வரை 11 ஸ்டாப். பிறகு ஐ.எஸ்.ஓ.வை 100-லிருந்து 1600 வரை உயர்த்தினால் இன்னும் 4 ஸ்டாப். மொத்தம் 15 ஸ்டாப், அதாவது 45 தட்டல்கள். அவை பரவும் காலமோ முக்கால் மணி. ஆக, நிமிஷத்துக்கு ஒரு தட்டல் என்ற கதியில் நம் ஊர் அந்தி ஒருவரை வேலை வாங்குகிறது.

மூன்றிலொரு ஸ்டாப் என்பதும் அற்பமல்ல. ஒவ்வொரு தட்டலிலும் படத்தின் பிரகாசம் 26 சதவீதம் சட்டென்று ஏறும். வானம் மெல்ல மங்கிவர, நம் தட்டலில் திடீரென வெளுத்து, மறுபடியும் மங்குவதால், வரைந்து பார்த்தால் ரம்பப் பல்லாகத் தெரியும் இந்த ஒழுங்கின்மையைப் பின்னால் கணினியில்தான் சரிசெய்ய முடியும். ஜெர்மானியரான குந்தர் வெக்னர் உருவாக்கிய எல்.ஆர்.டைம்லாப்ஸ் என்ற மென்பொருள், எந்தப் படத்தில் என்ன அளவு மாற்றப்பட்டது என்பதைக் கேமராவே எழுதிவைத்த குறிப்பிலிருந்து அறிந்து, படிக்கட்டின்மேல் சரிவுப் பாதை அமைப்பதுபோல, இடைப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் எதிர்த்திருத்தம் செய்து சமன்படுத்திவிடுகிறது. இத்திருத்தத்தைத் தாங்கும் சக்தி ‘ரா’ கோப்புக்கே உண்டு: சாதாரண ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகளையே அறியும், 14 பிட் ரா கோப்போ 16,384 படிகளைச் சேமிக்கிறது.

வேறொரு பழைய உபாயமும் உண்டு. கேமராவை ‘பல்ப்’ நிலையில் வைத்து, வெளியிலுள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டு ஷட்டர் நேரத்தை மூன்றிலொரு ஸ்டாப் என்று தாவாமல் கண்ணுக்குப் புலப்படாத சிறு அளவுகளில் நீட்டிக்கொண்டே போகும் முறை அது. இன்றைய சில நிக்கான் கேமராக்களில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஒளி பேதம் தெரியாதபடி மட்டுப்படுத்தும் வசதியும் உள்ளேயே அமைந்திருக்கிறது.

ஸ்டூடியோவும் வானமும்

சேலத்துக்கு ஒளியை ஆளும் கலை புதிதன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் 1930களில் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற வண்ணப் படத்தைத் தமிழுக்குத் தந்தது. ஆனால் ஸ்டூடியோவில் சூரியனும் சந்திரனும் ஒளிப்பதிவாளர் சொற்படி எரிந்து அணையும் விளக்குகள். வெட்ட வெளியில் விளக்கு நம் வசத்தில் இல்லாததால், கேமராவைத்தான் அதன் போக்குக்கு இணங்கச் செய்யவேண்டியிருக்கிறது.

வானத்தின் போக்குக்கு இணங்கிப் படம் எடுத்த நீண்ட அனுபவம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் 1904 முதல் தலைமுறை தலைமுறையாக, மேகம் மறைக்காத நாட்களிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். அப்படங்கள் பதிந்த தகடுகளை எண்மமாக்கி வரிசைப்படுத்தினால், சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை சூரியகளங்கங்கள் பெருகிச் சிறுக்கும் சக்கரம் சில விநாடிகளில் சுழன்றோடும். ஆனால் அன்றன்றைய வானத்தின் தெளிவும், தகடு கழுவிய பக்குவமும் வேறுபட்டதால் படத்துக்குப் படம் கறுப்பு வெளுப்பு மாறியிருக்க, அதைக் கணக்கிட்டுச் சமப்படுத்திய பிறகே ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த முடிகிறது. மாடியில் ஒரு மாலை எடுத்தவருக்கு நேரும் அதே சங்கடம், ஒரு நூற்றாண்டின் அளவில்!

கையால் தொடாமல் இயக்குவதற்கும், அந்தக் கொடைக்கானல் கூடத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே சிறந்த திருஷ்டாந்தம் தருகிறது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸக்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பால் இயக்குகிறார்கள். அந்த ஹான்லேயில் பொறியாளராயுள்ள டோர்ஜே ஆங்சுக், 2025 ஜனவரியில் 24 மணி நேர டைம்லாப்ஸ் ஒன்றை வெளியிட்டார். நட்சத்திரங்களை நிலையாக நிறுத்தி, பூமி சுழல்வதைக் காட்டிய அப்படம் இரவும் பகலும் ஒன்றையொன்று தொடரும் முழுச் சுற்றை அடக்கியது. பாட்டரியை உறிஞ்சும் கடுங்குளிரோடு அவர் போராட வேண்டியிருந்தது.

எவ்வளவு இருளை விட்டுவைப்பது?

யந்திரம் இத்தனை தூரம் முன்னேறிய பின், மனிதனுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. கேமரா ஒளியை அளக்கும். பொழுது சாய்ந்தது என்பதை அறியாது. வெளிச்சம் 15 ஸ்டாப் குறைந்தால் அந்த 15-ஐயும் ஈடுகட்டிவிடுவதே அதன் சுபாவம். அப்படிச் செய்தால் இரவும் பகலைப் போலவே வெளுத்து, நட்சத்திரம் மட்டும் கூடுதலாகத் தெரியும் விநோதமான காட்சியே மிஞ்சும். தேர்ந்த படக்காரர் பதின்மூன்றரை ஸ்டாப்பை மட்டும் ஈடுகட்டி, மிச்சத்தை இருளுக்கே விட்டுக்கொடுப்பார். ஒளியின் வீழ்ச்சியைப் பின்தொடர வேண்டும், ஆனால் ஓரடி பின்தங்கியே தொடர வேண்டும். அந்த ஓரடி எவ்வளவு என்பது அளவுமானிக்குப் புரியாத விஷயம். தொலைவிலிருந்து இயக்கும் வசதியின் உண்மையான பயனும் இதுவே: கேமராவைத் தீண்டாமல் நம் விவேகத்தை மட்டும் அதனிடம் கொண்டு சேர்க்கிறது.

பழகத் தொடங்குவோருக்குப் பௌர்ணமி மாலை உகந்தது. மேற்கே சூரியன் இறங்கும் வேளையிலேயே கிழக்கே சேர்வராயன் மலைமேல் சந்திரன் எழுவதால், இருள் அதல பாதாளத்துக்குப் போகாமல் மேற்சொன்ன 15 ஸ்டாப் கணக்கிலேயே நின்றுவிடும். வெயில் பட்ட பாறையாகிய சந்திர பிம்பம் மட்டும் வெளுத்துப் போவதைத் தவிர்க்க முடியாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது டிரைபாட் எம்மாத்திரம் என்பதால், அதன் நடுக்கொக்கியில் மணல் பையைத் தொங்கவிடுவது அவசியம். மார்கழியில் லென்ஸில் பனி படிவதையும் கவனிக்க வேண்டும். முதல் சில மாலைகள் தானியங்கிச் செயலியை நாடாமல், அந்தத் தட்டல்களையெல்லாம் தாமே பார்த்துப் பார்த்துத் தட்டுபவருக்கு, பிற்பாடு எந்த இடத்தில் யந்திரத்தை நம்பலாம், எந்த இடத்தில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது ஒருவரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.