கோப்பு ஏறவில்லையா? பிழைச்செய்தியை முதலில் படியுங்கள்

தேர்வுத்தாள், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைச் சர்வரில் ஏற்ற நம்மில் சிலர் ஃபைல்ஸில்லா, வின்எஸ்சிபி ஆகிய செயலிகளைப் பயன்படுத்துகிறோம். இணைப்பு கிடைக்காதபோது, "சரி, வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுடலாம்" என்று தோன்றும். வேண்டாங்க. குழுவில் உள்ள ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மாணவர் விவரம் தங்கிவிடும். திரையில் வரும் செய்தியைப் படித்தால், கோளாறு எங்கே என்று நாமே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு தெளிவு. எஸ்எஃப்டிபி வேறு, எஃப்டிபிஎஸ் வேறு. எஸ்எஃப்டிபி எஸ்எஸ்எச் நெறிமுறையின் மேல் இயங்குகிறது. வழக்கமான போர்ட் எண் 22. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபியோடு மறையாக்கம் சேர்ந்தது. அதற்கு 21 அல்லது 990. இரண்டையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் இணைப்பு வராது.

இனி, அடிக்கடி வரும் செய்திகள்:

1. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்': மறுமுனையிலிருந்து பதிலே இல்லை. பள்ளியின் ஃபயர்வால் போர்ட் 22-ஐ அடைத்திருக்கலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால், சிக்கல் பெரும்பாலும் பள்ளி வலையமைப்பில்தான்.

2. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்': வீடு இருக்கிறது, நாம் தட்டிய கதவு திறக்கவில்லை. பெரும்பாலும் போர்ட் எண் தவறு, அல்லது சர்வரில் அந்தச் சேவை ஓடவில்லை. சில நிர்வாகிகள் 22-க்குப் பதில் வேறு எண் வைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

3. 'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்ட்': இணைப்பு சரி, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. திரும்பத் திரும்ப முயலாதீங்க. பல சர்வர்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு நம் முகவரியையே கொஞ்ச நேரம் தடுத்துவிடும். அப்போது செய்தி 'டைம்ட் அவுட்' என மாறக்கூடும். நாமோ வலையமைப்பைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம்.

4. 'பெர்மிஷன் டினைட்' (உள்ளே நுழைந்த பிறகு): அந்தக் கோப்புறையில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. வேறு கோப்புறையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நிர்வாகிதான் அனுமதி தரவேண்டும்.

5. 'ஹோஸ்ட் கீ' மாறிவிட்டது என்ற எச்சரிக்கை: இதில்தான் கவனம் தேவை. முதல் முறை இணையும்போது சர்வரின் 'கைரேகை' ஒன்றை ஏற்கச் சொல்வது இயல்பு. அதை நிர்வாகி தந்ததோடு ஒப்பிட்டுவிட்டு ஏற்கலாம். பிறகொரு நாள் அது மாறியிருந்தால், சர்வரைப் புதிதாக அமைத்திருக்கலாம். நடுவில் வேறு யாரோ புகுந்தும் இருக்கலாம். திரையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 'யெஸ்' அழுத்தாமல் நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். 1995-இல் பின்லாந்தில் தாத்து யுலோனன் எஸ்எஸ்எச்-ஐ உருவாக்கக் காரணமே, அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதுதான். அந்தப் பாதுகாப்பை ஒரே சொடுக்கில் இழக்கலாமா?

அப்படியும் தீரவில்லையா? "கனெக்ட் ஆகல" என்று மட்டும் எழுதாமல், பிழைச்செய்தியின் முழு வாசகம், நேரம், போர்ட் எண், எந்த வலையமைப்பில் முயன்றீர்கள் ஆகிய நான்கையும் நிர்வாகிக்கு அனுப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். நிர்வாகிக்கும் அது தேவைப்படாது.