பிள்ளைகளின் ‘றிமோட் கார்’: எந்தப் பற்றரியை வாங்குவது?

பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் எமது பிள்ளைகள் கேட்கின்ற பரிசுகளில் வானொலி அலைகளால் இயக்கப்படும் விளையாட்டுக் காருக்குத் தனியிடம் உண்டு. காரை வாங்கிக் கொடுத்ததோடு பெற்றோரின் செலவு முடிந்துவிடுவதில்லை. பெட்டிக்குள் வந்த பற்றரி பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஓய்ந்துவிடுகிறது. அதற்கு மீண்டும் மின்னேற்றவோ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. ‘இன்னொரு பற்றரி வேண்டும்’ என்ற கோரிக்கை அடுத்த நாளே எழுந்துவிடும்.

இந்தக் கோரிக்கையை நிறைவேற்றப் புறப்படும் பெற்றோர் கடையிலும் இணையத்திலும் காண்பது எண்களும் குறியீடுகளும் நிறைந்த பெருங்குவியல். விளக்கக் குறிப்போ நாம் வாழும் நாட்டின் மொழியில் உள்ளது. அதனைப் பெரும்பாலும் பிள்ளையே எமக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறது. தனக்கு விருப்பமானதைச் சொல்லி, எச்சரிக்கைப் பகுதியை விட்டுவிடுகிறது. தவறான தெரிவினால் பணம் மட்டும் வீணாவதில்லை; தீவிபத்தும் நேரலாம். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடையதாகும்.

மூவகைக் கலங்கள்

இம்மூவகைக் கலங்களுள் மூத்தது நிக்கல்-கட்மியக் கலம். சுவீடன் நாட்டவரான வால்டெமார் யுங்னர் 1899இல் இதனைக் கண்டுபிடித்தார். கட்மியம் நச்சுத்தன்மை வாய்ந்த உலோகம். இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் பணிப்புரை மூலம் கையடக்கச் சாதனங்களுக்கான பற்றரிகளில் இதன் பயன்பாட்டைக் கடுமையாக மட்டுப்படுத்தியது. பழைய கார்களோடு இவ்வகைப் பற்றரி இன்னமும் வீடுகளில் கிடக்கக்கூடும். புதிதாக வாங்குவதற்கு இது ஏற்றதன்று.

இரண்டாவது, நிக்கல்-உலோக ஐதரைட்டுக் கலம். இதன் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ற். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ற் கிடைக்கும். யப்பானிய தமியா நிறுவனம் 1976இல் தனது முதலாவது வானொலிக் காரான போர்ஷ் 934ஐ வெளியிட்டது. அந்நிறுவனத்தின் கார்களால் நன்கு பரவிய பொதி இந்த 7.2 வோல்ற் பொதியே. பாரம் கூடியது, ஆனால் முரட்டுத்தனமான கையாளலைப் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, இலிதியம்-அயன் கலம். 1991இல் சோனி நிறுவனம் இதனை வணிக நோக்கில் அறிமுகப்படுத்தியது. இதற்கு அடித்தளமிட்ட மூன்று அறிஞர்களுக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ற், முழுமையாக மின்னேற்றிய நிலையில் 4.2 வோல்ற். இரண்டைத் தொடராக இணைத்த 7.4 வோல்ற் பொதியே இன்றைய விளையாட்டுக் கார்கள் பலவற்றில் காணப்படுகிறது. மென்பையில் அடைக்கப்பட்ட இலிதியம்-பொலிமர் இதன் உடன்பிறப்பு. இலேசானது, வலுமிக்கது, ஆனால் துளைபட்டாலோ அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டாலோ தீப்பற்றக்கூடியது.

சிறு பிள்ளையின் கைக்கு நிக்கல் வகையே பொருத்தம் என்பது எமது கருத்து. கார் இலிதியத்திற்கென்றே வடிவமைக்கப்பட்டிருப்பின் மென்பைப் பொதியைத் தவிர்த்து, வன்மையான கூட்டினுள் அமைந்த பொதியைத் தெரிவுசெய்வது நன்று.

எண்கள் கூறுவது என்ன?

பொதியின் மீது மூன்று எண்களைக் காணலாம். முதலாவது மின்னழுத்தம். இது காருக்குக் குறிக்கப்பட்ட அளவோடு பொருந்த வேண்டும். 7.2க்கும் 7.4க்கும் இடையிலான வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் 7.4 வோல்ற் இலிதியப் பொதி முழுமையான மின்னேற்றத்தில் 8.4 வோல்ற்றைத் தரும். அதனினும் முக்கியமாக, நிக்கல் பொதிக்கென அமைந்த காரில் மின்னழுத்தம் குறைந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு இல்லாதிருக்கலாம். அத்தகைய காரில் இலிதியக் கலம் 3 வோல்ற்றுக்குக் கீழே வற்றிப் பழுதடையும். பழுதடைந்த கலத்தை மீண்டும் மின்னேற்றுவது ஆபத்தானது.

இரண்டாவது எண் கொள்ளளவு. இது மில்லிஅம்பியர்-மணியில் குறிக்கப்படும். கார் சராசரியாக 3 அம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதாகக் கொள்வோம். 500 மில்லிஅம்பியர்-மணிப் பொதி 10 நிமிடங்கள் ஓடும். 1500 உடைய பொதி அரை மணி நேரம் ஓடும். மின்னேற்றி 500 மில்லிஅம்பியர் மட்டுமே தருமாயின், முன்னையதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும், பின்னையதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் செல்லும். ஆகவே ஒரு பெரிய பொதியை விட இரண்டு நடுத்தரப் பொதிகளை வாங்குவதே சிறந்தது. பொதியை மாற்றும் இடைவெளியில் மோட்டாரும் சூடு தணியும். காரின் பாரமும் கூடாது.

மூன்றாவது, ‘சி’ என்ற எழுத்தோடு வரும் எண். 1500 மில்லிஅம்பியர்-மணிப் பொதியில் 20 சி எனக் குறித்திருந்தால் அது 30 அம்பியர் வரை தரவல்லது என்பது பொருள். இது தேவைக்கு மேலே இருப்பதால் தீங்கில்லை. மோட்டார் தனக்கு வேண்டியதையே இழுக்கும். குறைந்தாலோ பொதி சூடேறும்.

இவ்வெண்கள் எல்லாவற்றையும் நம்பிவிடவும் இயலாது. விரலளவான நிக்கல் கலமொன்றில் 3000க்கு மேற்பட்ட கொள்ளளவு அச்சிடப்பட்டிருந்தால் அதனை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். மலிவான கலம் கையில் எடுக்கும்போதே இலேசாக இருந்தால் உள்ளே பொருளும் குறைவு என்பதே கணக்கு.

உருவம் ஒன்று, தன்மை வேறு

பெற்றோர் ஏமாறும் இடம் இதுவே. 14500 என்ற குறியீடுடைய இலிதியக் கலம், நாம் எல்லோரும் அறிந்த ‘டபிள் ஏ’ கலத்தின் பருமனையே உடையது. ஆனால் மின்னழுத்தம் 1.2 அன்று, 3.7 வோல்ற். பிள்ளை இதனைத் தூர இயக்கியினுள் மாறிப் போட்டால் அக்கருவி எரிந்துபோகலாம். நிக்கல் கலத்துக்குரிய மின்னேற்றியில் இதனை வைத்தால் தீப்பற்றலாம். இரு வகையையும் ஒரே பெட்டியில் வைத்திருத்தல் ஆகாது.

இணைப்பியிலும் அவதானம் வேண்டும். செருகி பொருந்திவிட்டது என்பதால் முனைகளும் பொருந்திவிட்டன என்று கொள்ள முடியாது. ஒரே உருவுடைய செருகியில் நேர்முனையும் மறைமுனையும் இடம்மாறி வருவதுண்டு. சிவப்புக் கம்பி சிவப்பையும் கறுப்புக் கம்பி கறுப்பையும் சந்திக்கின்றனவா என்று பார்த்த பின்னரே செருக வேண்டும்.

மின்னேற்றும்போது

எம்மவர் பலர் இரவு வேலைக்குச் செல்பவர்கள். பற்றரியை மின்னேற்றத்தில் விட்டுவிட்டு வெளியேறுவதும், உறங்கச் செல்வதும் கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள். கட்டில், கம்பளம், சோபா ஆகியவற்றின் மீதோ, மாடிவீட்டின் வெளியேறும் வழியிலோ மின்னேற்றக் கூடாது. ஓட்டுத் தரையோ கற்பலகையோ நன்று. ஓடிக் களைத்த பொதியை முதலில் ஆறவிட வேண்டும். நோர்வேயிலும் கனடாவிலும் பனியில் விளையாடிக் கொண்டுவந்த பொதியை அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். பூச்சியம் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் இலிதியக் கலம் நிரந்தரமாகக் கெடும். வீங்கிய பொதியை ஒருபோதும் மீளப் பயன்படுத்தலாகாது. நெடுநாள் பயன்படுத்தாதிருப்பின் இலிதியப் பொதியைப் பாதியளவு மின்னேற்றத்துடன், காரிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும்.

தேய்ந்த பின்னர்

1990களில் வடபுலத்துக்கு எடுத்துச்செல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. ஒரு சிறு கலத்தின் பெறுமதியை நாம் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. அதனாலேயே தேய்ந்த பற்றரிகளையும் எறிய மனமின்றி லாச்சியில் சேர்த்து வைக்கிறோம். அங்கே நாணயமோ சாவியோ இரு முனைகளையும் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டால் தீப்பொறி எழும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, கடையிலுள்ள சேகரிப்புப் பெட்டியில் இட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பற்றரி விற்கும் கடைகள் பழையவற்றைக் கட்டணமின்றி ஏற்றுக்கொள்ளச் சட்டத்தால் கடப்பாடுடையவை. 

ஊரிலுள்ள மருமக்களுக்கு இத்தகைய காரைக் கொண்டுசெல்வோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் நலம். காரிலிருந்து கழற்றிய இலிதியப் பற்றரியை விமானத்தின் கீழ்ப்பகுதியில் ஏற்றும் பொதியினுள் வைக்க அனுமதியில்லை. முனைகளை மூடிக் கைப்பையில் எடுத்துச்செல்ல வேண்டும். பொதுவாக 100 வாற்று-மணி வரை விமான நிறுவனத்தின் முன்அனுமதி தேவைப்படுவதில்லை. 7.4 வோல்ற், 1500 மில்லிஅம்பியர்-மணிப் பொதி 11.1 வாற்று-மணி மட்டுமே.

கடைக்குச் செல்லும்போது பழைய பொதியையும் மின்னேற்றியையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். கலத்தின் வகை, மின்னழுத்தம், நீள அகலம், இணைப்பி, கம்பிகளின் நிறம் ஆகிய ஐந்தும் ஒத்திருக்கின்றனவா எனப் பாருங்கள். வகை மாறினால் மின்னேற்றியும் மாற வேண்டும். வாங்கிய திகதியைப் பொதியின் மீது பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள். விளக்கக் குறிப்பின் எச்சரிக்கைப் பகுதியையும் அன்றே அப்பிள்ளையைக் கொண்டு உரத்து வாசிப்பித்து, தமிழில் சொல்லச் செய்யுங்கள்.